தங்க முத்திரைப் புத்தகங்கள்

ஜனவரி 1

பனியன் கம்பெனியில் இந்த வருடமும் டைரி கொடுத்தார்கள். போன வருடத்து டைரியில் கோலம் போட்டுப் பார்த்துத் தீர்த்துவிட்டேன். இதில் ஒழுங்காக எழுத வேண்டும்.

ஒரு தீர்மானமும் எடுத்திருக்கிறேன். விருது வாங்கிய சிறுவர் புத்தகங்களாகத் தேடிப் பிடித்துப் படிப்பது, முடிந்தால் வாரத்துக்கு ஒன்று. முப்பத்தொன்பது வயதில் இது என்ன ஆசை என்று யாராவது கேட்டால், சின்ன வயதில் படிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் இல்லை. எங்கள் வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் இருந்ததில்லை.

இவர் கேட்டார். “எதுக்கு கோகிலா, திடீர்னு?”

“சும்மாதானுங்க.”

“சும்மாவா, செரி” என்றவர் மறுபடி கேட்கவில்லை. இவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

ஜனவரி 11

நூலகத்தில் சிறுவர் பகுதி மாடியில் இருக்கிறது. குட்டி நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. விருது வாங்கிய புத்தகத்தின் அட்டையில் வட்டமாகத் தங்க நிறத்தில் ஒரு முத்திரை இருக்குமாம். நூலகர் அம்மா எடுத்துக் காட்டினார். நல்ல மனுஷி.

“பையனுக்குங்களா, பொண்ணுக்குங்களா?” என்று கேட்டார்.

“பொண்ணுக்குங்க” என்றேன்.

வீடு வந்து சேரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ‘எனக்குத்தாங்க’ என்று சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 19

முதல் புத்தகம் மழைக்குப் பயப்படுகிற ஒரு தவளையைப் பற்றியது. துணி மடிப்பதற்குள் படித்து முடித்துவிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. இதற்கா விருது என்றிருந்தது. இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

“நீ படிக்கிறது ரேசன் கடையில பேரு கூப்பிடற மாதிரி இருக்குது. இங்க குடு” என்று வாங்கி, தவளைக்குச் சளி பிடித்த குரல் கொடுத்துப் படித்தார். எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு. ஸ்கூட்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற மனிதருக்குள் ஒரு தவளை இருந்தது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

பிப்ரவரி 2

டைரியில்கூட எழுதாமல் சுற்றி வருவானேன்.

நான்கு வருடத்துக்கு முன் தத்தெடுக்கப் பதிவு செய்தோம். அதற்கு முந்தைய ஆஸ்பத்திரி வருடங்களைப் பற்றி எழுதப் போவதில்லை. கைக்குழந்தை வேண்டும் என்றுதான் கேட்டிருந்தோம். வரிசை நகர்கிறது, ஆனால் எங்கள் முறை வரவில்லை. போன தீபாவளிக்கு இவர்தான் சொன்னார். “ஆறு வயசு வரைக்கும்னு மாத்தீரலாமா? நாமளும் சின்னவங்க இல்ல. பெரிய புள்ளைகளுக்கும் வீடு வேணுமல்ல?” நான் சரி என்றேன். சரி என்று சொல்வது வேறு, நினைப்பது வேறு.

நான் புத்தகம் படிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பிப்ரவரி 23

யானைப் புத்தகம் முடிந்தது. குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 15

எனக்கு இப்போது அபிப்பிராயங்கள் எல்லாம் வந்துவிட்டன. விருது வாங்கிய புத்தகங்களில் சில பிள்ளைகளுக்காக எழுதியவை இல்லை, விருது கொடுக்கிறவர்களுக்காக எழுதியவை. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் யாராவது ஒருவர் மரம் நடச் சொல்கிறார். அந்த மரத்தின் மேல் ஏறி ஒரு பிள்ளையாவது கீழே விழ வேண்டாமா?

ஆனால் இந்த வாரப் புத்தகம் அப்படி இல்லை. அப்பா ஊரிலிருந்து வருவார் என்று ஒரு பையன் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறான். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போகிறது. அவ்வளவுதான் கதை. மதியம் சோறு கொடுக்கக் கடைக்குப் போனேன். இவர் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். கிளட்ச் கேபிள் கேட்டு வந்த ஆள் எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ, என்னைப் பார்த்து, “அண்ணன் அழுவறாருங்க, கேபிள் கேக்கறதா வேண்டாமான்னு தெரியல” என்றார்.

நான்தான் கேபிளை எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 6

தாராபுரத்திலிருந்து அக்கா சின்னவனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் அவனுக்கு யானைப் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். நாலு பக்கம் கேட்டான். அப்புறம், “சித்தி, போன் குடுங்க” என்றான்.

அக்கா காய் நறுக்கிக்கொண்டே சிரித்தாள். “உனக்குப் புள்ளைங்ககிட்டப் பேசவே வராதே புள்ள. சின்னதுல இருந்தே அப்படித்தான். கைக்கொழந்தைன்னாலும் பரவால்ல, அது பாட்டுக்குப் படுத்துக் கெடக்கும். ஆறு வயசுப் புள்ளையக் கூட்டீட்டு வந்து என்ன பேசுவ?”

நானும் சிரித்தேன். அக்கா மனதில் எதையும் வைத்துக்கொண்டு பேசுகிறவள் இல்லை. எங்கள் அம்மாவும் எங்களிடம் பேசியவள் இல்லை. ‘தண்ணி எடு’, ‘வெளக்கு வையி’, ‘படு’. இந்த மூன்றில் எங்களை வளர்த்துவிட்டாள், பாவம், தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமிருக்காது.

புத்தகங்களில் வருகிற அம்மாக்கள் என்ன பேசுகிறார்கள் என்று கொஞ்ச நாளாகக் கவனித்துப் படிக்கிறேன். நிறையப் பேசுகிறார்கள்.

மே 10

ஆடிட் வருவதால் செக்கிங் செக்‌ஷனில் ஓவர்டைம். புத்தகம் இல்லை. இவர் மட்டும் எனக்குத் தெரியாமல் ஒன்று படித்து முடித்துவிட்டார். முடிவைச் சொல்ல வந்தார், காதைப் பொத்திக்கொண்டேன்.

ஜூன் 12

காலையில் செய்தி வந்தது. பெண். ஆறு வயது. ஒடிசாவில் ஒரு இல்லத்தில் இருக்கிறாள். போட்டோவும் மருத்துவ அறிக்கையும் அனுப்பியிருந்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு வரி: முன்பு ஒரு குடும்பம் அழைத்துப் போய், ஒத்துப்போகவில்லை என்று சில வாரங்களில் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும்.

இவர், “நீ சொல்லு கோகிலா. நீ என்ன சொல்றியோ அதுதான்” என்றார். சொல்லிவிட்டுக் கடையைத் திறக்காமல் வாசலிலேயே நின்றார்.

நான் கம்பெனிக்குப் போய்விட்டேன். போட்டோவில் அவள் கேமராவை முறைத்துப் பார்க்கிறாள். சட்டைப் பட்டனை ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருக்கிறார்கள், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. செக்கிங்கில் இப்படி ஒரு பீஸ் வந்தால் ‘ரிட்டர்ன்’ என்று ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவோம். மதியம் அந்த ஸ்டிக்கர் கையில் இருக்கும்போது அந்த வார்த்தையைப் படித்தேன். தினமும் ஒட்டுகிறதுதான். அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை.

சாயங்காலம் வந்து, “அந்தப் பட்டனைச் சரியா மாட்டி விடோணுமுங்க” என்றேன்.

“அப்படின்னா?”

“செரின்னு போட்டுருங்க.”

ஜூன் 13

போட்டாச்சு. திரைச்சீலைகளை எல்லாம் துவைத்தேன்.

ஜூலை 3

எங்கள் செக்‌ஷனில் சஸ்மிதா என்று ஒரு ஒடியாக்காரப் பெண். கல்யாணமாகி இங்கேயே தங்கிவிட்டவள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டவள், “அக்கா, பாப்பாக்குத் தமிழ் தெரியாதுல்ல?” என்றாள்.

ஆறு மாதமாக நாங்கள் தவளைக் குரலிலும் யானைக் குரலிலும் படித்துப் பழகியது அத்தனையும் தமிழ். இத்தனைக்கும் ஒடிசா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இது மட்டும் தோன்றவே இல்லை.

இவரிடம் சொன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சஸ்மிதா சில வார்த்தைகள் சொல்லிக் கொடுத்தாள். பாணி என்றால் தண்ணீர். பாத என்றால் சோறு. ஆச என்றால் வா. ஆசை என்று நினைவில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 20

வந்துவிட்டோம். வந்துவிட்டாள்.

அவள் பெயர் குனி. அவர்கள் ஊரில் ‘குட்டி’ என்று செல்லமாகக் கூப்பிடுவது போலவாம். இவர் ரயிலிலேயே, “நம்ம தெருவுல குனின்னு கூப்பிட்டா எல்லாரும் குனிஞ்சுதான நிப்பாங்க?” என்று என் காதில் சொன்னார். ஆனாலும் பெயரை மாற்ற வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். அவளிடம் அவளுடையது என்று இருப்பது ஒரு பையும் இந்தப் பெயரும்தான்.

வழி முழுவதும் ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். பையை மடியிலிருந்து இறக்கவில்லை. நான் “ஆச” என்றேன். வரவில்லை. நான் நீட்டிய பிஸ்கட்டை வாங்கவில்லை. இவர் நீட்டிய முறுக்கை வாங்கிக்கொண்டாள். முறுக்கு என்பதால்தான் இருக்கும்.

ஜூலை 24

வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பகலெல்லாம் அங்கேதான். தட்டை அங்கேயே வைத்தால் சாப்பிடுகிறாள், நாங்கள் பார்க்காதபோது.

ஜூலை 28

விருதுப் புத்தகங்களில் படம் அதிகமாக இருக்கிறதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். யானை, தவளை, பஸ் ஸ்டாண்டுப் பையன். ஒவ்வொன்றாகப் படித்தேன். குரலெல்லாம் கொடுத்தேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் இவர் கேட்டார். “என்ன சொல்றா உம்பொண்ணு?”

“ஒண்ணும் சொல்லலீங்க.”

அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஜூலை 31

இன்று ஒரு நிமிடம் ஒன்று நினைத்தேன். அதை எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 4

கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுத்தான் வீட்டில் இருக்கிறேன். சாயங்காலம் பாலை இறக்கி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால், யானைப் புத்தகத்தின் நடுப்பக்கங்களைக் கிழித்து வரிசையாகத் தரையில் வைத்திருக்கிறாள். நூலகப் புத்தகம். மேல் அட்டையில் தங்க முத்திரையை நகத்தால் சுரண்டிப் பாதியை எடுத்தும் விட்டாள்.

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ‘அறிவிருக்கா’ என்று கேட்டேன் போல. இரண்டு வாரத்துச் சத்தமும் ஒன்றாக வந்தது. அவள் அழவில்லை. எழுந்து உள்ளே போனாள். மெஷின் சந்துக்குத்தான் போகிறாள் என்று நினைத்து நான் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவினேன்.

திரும்பி வந்தால் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். செருப்பு மாட்டியிருக்கிறாள், இடம் வலம் மாறி. பை மடியில். நாங்கள் வாங்கிக் கொடுத்த கவுன்கள் எல்லாம் மடித்துக் கட்டிலில் இருந்தன. வந்தபோது போட்டிருந்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபமாக இல்லை. பழக்கப்பட்ட ஆள் போல இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு வார்த்தை கிடையாது. தண்ணீர், சோறு, வா. இதை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? சஸ்மிதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சஸ்மிதா ஒடியாவில் ஏதோ கேட்டாள். குனி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். இந்த வீட்டில் அவள் குரலை நான் கேட்டது அப்போதுதான். கொஞ்சம் கரகரப்பான குரல்.

போனை வாய்க்கருகே இழுத்துக்கொண்டேன்.

“என்ன சொல்றா சஸ்மிதா? சொல்லு.”

“அக்கா, அது கேக்குது… டிரெயின் எத்தினி மணிக்குன்னு கேக்குது.”

நான் எத்தனை புத்தகம் படித்தேன். எந்தப் புத்தகத்து அம்மாவும் இந்த இடத்தில் என்ன சொன்னாள் என்று ஞாபகம் வரவில்லை.

“டிரெயினே கெடையாதுன்னு சொல்லு” என்றேன். “நான் கத்துவேன். நாளைக்கும் கத்துவேன், கோவக்காரி நானு. அவளும் கிழிப்பா. ஆனா டிரெயின் கெடையாதுன்னு சொல்லு. அவ பெரிய புள்ளையாகி அவளா எங்கியாச்சும் போகோணும்னு கெளம்பற வரைக்கும் இந்த வீட்டுல இருந்து டிரெயினே கெடையாதுன்னு சொல்லு சஸ்மிதா.”

சஸ்மிதா சொன்னாள். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னாள். நடுவில் அவளுடைய குரலும் உடைந்தது. குனி கேட்டுக்கொண்டே இருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். போட்டோவில் பார்த்த அதே முறைப்பு.

அப்புறம் கடையடைத்துவிட்டு இவர் வந்தார். படியில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்ததால் உள்ளே போக வழியில்லை. ஒன்றும் கேட்காமல் வண்டியை நிறுத்திவிட்டு, கீழ்ப்படியில் அவரும் உட்கார்ந்துகொண்டார். குனியின் செருப்பைப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி, இடதை இடதிலும் வலதை வலதிலும் மாட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் அதைத் தானே கழற்றி வாசலில் விட்டாள்.

ஆகஸ்ட் 6

நூலகத்துக்கு மூன்று பேரும் போனோம். கிழிந்த புத்தகத்துக்குப் பதில் புதிது வாங்கித் தருகிறோம் என்றோம். நூலகர் அம்மா குனியைப் பார்த்தார். “இந்தப் பொண்ணுக்குத்தாங்களா?” என்றார்.

“ஆமாங்க. இவளுக்குத்தான்.”

குட்டி நாற்காலி குனிக்குச் சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 11

இன்று ‘பசி’ என்று தமிழில் சொன்னாள். சாப்பிட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் தோசை சுட்டேன்.

ஆகஸ்ட் 17

கடையில் பகல் முழுவதும் இவரோடு இருந்துவிட்டு, ஒரு தடிப் புத்தகத்தை அணைத்துக்கொண்டு வந்தாள். கூடத்தில் வந்து போட்டாள். பார்த்தால் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக். ஸ்கூட்டரில் உள்ள ஒவ்வொரு பாகமும் கலர் படமாகப் போட்டு, ஓரமெல்லாம் கிரீஸ் கறை படிந்தது.

“நானும் எத்தனையோ எடுத்துக் காட்டிப் பாத்தேனுங்க” என்றேன். “கடைசியில இதுதானா?”

“இதுக்கு ஒருத்தனும் விருது குடுக்கல பாரு” என்றார் இவர்.

குனி கேட்டலாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பேரையும் எதிரில் கை காட்டி உட்காரச் சொன்னாள். பிறகு ஆரம்பித்தாள். ஒடியாவில்.

ஹெட்லைட்டைக் காட்டி ஏதோ பெயர் சொன்னாள். அவன் நல்லவன் போலிருக்கிறது, மெல்லிய குரல். இரண்டு கண்ணாடிகளும் அக்கா தங்கை, ஓயாமல் சண்டை. பிரேக் ஷூ ஒரு கிழவன், இருமிக்கொண்டே பேசுகிறான். ஹாரன் யாரென்று இவரைக் கைகாட்டிச் சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும் “தாபரே” என்றாள். முதலில் புரியவில்லை. நாலைந்து பக்கம் போனதும் எனக்கும் இவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ‘அப்புறம்’ என்கிறாள்.

மற்றபடி ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. அப்படி ஒரு கதையை நான் இதுவரை கேட்டதில்லை.

சக்கரப் படம் இருக்கிற பக்கத்தில் ஒரு நட்டு கழன்று எங்கேயோ ஓடிப் போகிறது. விரலால் தரையில் அதன் பின்னாலேயே ஓடினாள், என் முழங்கால் வரை. அங்கே நிறுத்தினாள். கேட்டலாக்கை என் மடியில் தள்ளினாள். என்னை முறைத்துப் பார்த்தாள்.

“தாபரே?”

நான் இவரைப் பார்த்தேன். “என்னை எதுக்குப் பாக்கறே? உன்னையத்தான கேக்கறா” என்றார்.

என் வாழ்நாளில் ஒரு கதையும் நானாகச் சொன்னதில்லை. இந்த வருடம் படித்ததெல்லாம் யாரோ எழுதியது. பக்கத்தைத் திருப்பினேன். ஒரு ஸ்பிரிங் இருந்தது.

“இந்த ஸ்பிரிங்கு இருக்குதே, அது வந்து… அது ஒரு ஓட்டல் வெச்சிருந்துச்சு” என்றேன். “அங்க அந்த நட்டு போயி, பசி, பசின்னுச்சு.”

அவளுக்குத் தெரிந்த வார்த்தை. நிமிர்ந்தாள். “பசி!” என்றாள்.

“ஆமா, பசி. ஸ்பிரிங்கு குதிச்சுக் குதிச்சுத் தோசை ஊத்துச்சு. ஒண்ணு சுட்டா ஒண்ணு சுவத்துல போயி ஒட்டிக்கிச்சு.” சுவரைத் தட்டிக் காட்டினேன். சிரித்தாள். எனக்குத் தெரிந்த குரலெல்லாம் போட்டேன், தெரியாத குரலும் வந்தது. தோசைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பெட்ரோல் டேங்கில் நீந்தினார்கள். அதற்கப்புறம் என்ன உளறினேன் என்று எனக்கே தெரியாது. கதை நடுவில் அவள் நகர்ந்து நகர்ந்து வந்து என் தொடை மேல் தலையை வைத்தாள். நான் பேசுவதை நிறுத்தினால் எழுந்துவிடுவாளோ என்று நிறுத்தாமல் பேசினேன்.

தூங்கிவிட்டாள். இவர் கேட்டலாக்கைப் பக்கம் மாறாமல் மெதுவாக எடுத்து, நடுவில் ஒரு தீப்பெட்டியை அடையாளம் வைத்து மூடினார். பிறகு குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அப்புறம் என்ன ஆச்சு கோகிலா?”

“எனக்கு எப்படீங்க தெரியும்?”

இந்த வாரத்துக்கு எடுத்து வைத்த விருதுப் புத்தகத்தைத் தொடவே இல்லை. நாளைக்குள் அந்த நட்டு டேங்கிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று யோசித்தாக வேண்டும். கேட்பாள்.